விளக்கு வைக்கிற நேரத்தில் ஏசலாமா?

மாலை ஆறு, ஆறரைக்கு ரீவியின் சத்தத்தைக் குறைப்பது எங்கள் வீட்டில் அம்மம்மாவின் வேலையாக இருந்தது. திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் அந்நேரம் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருக்கும். அவர் சாமி அறையில் திரியை உருட்டி எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார். ஒரு காது மட்டும் கூடத்தில் இருக்கும். நாடகத்தில் மாமியார் மருமகளைப் பார்த்து, "நீ நாசமாப் போயிடுவ, உன் குடும்பமே விளங்காது" என்று கையை உயர்த்தினால் போதும். "நிப்பாட்டு அதை! விளக்கு வைக்கிற நேரத்தில இதென்ன கதை?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அதே நாடகத்தில் அடியாள் ஒருவன் வாயை அகலத் திறந்து ஏதோ சொல்ல, சத்தம் மட்டும் அரை விநாடி அறுந்துபோகும் இடங்களும் இருந்தன. அவற்றை அவர் கவனித்ததாகவே எனக்கு நினைவில்லை.

சென்னையில் ஒரு எடிட்டர் ஆகாது என்று வெட்டிய சொல் ஒன்று. அம்மம்மாவுக்கு ஆகாத சொல் வேறொன்று. இரண்டு பட்டியலும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஏன் என்று யோசித்தால், தமிழில் ‘கெட்ட வார்த்தை’ என்பது ஒரே சாமான் இல்லை என்பதில் வந்து நிற்கிறது.

தமிழ்நாட்டார் கெட்ட வார்த்தை என்பதை நாங்கள் தூசணம் என்போம். தூஷணம் என்ற வடசொல்லுக்கு நிந்தனை, பழிப்பு என்றுதான் பொருள். எங்கள் வாயில் அது சுருங்கி, உறுப்பையும் தாயையும் பிறப்பையும் இழுக்கும் ஐந்தாறு சொற்களுக்கும் அவற்றின் குட்டிகளுக்கும் மட்டும் பெயராகிவிட்டது. "அவன் தூசணம் கதைக்கிறான்" என்றால் என்ன கதைத்தான் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அதற்கு வெளியே ஏச்சு இருக்கிறது. மாடு, எருமை, விசரன், பேயன், மூதேவி எல்லாம் ஏச்சு. அம்மா ஏசுவார், வாத்தியார் ஏசுவார், பஸ் கொண்டக்டரும் ஏசுவார். மூன்றாவது சாபம். குறுக்கால போவான், நாசமறுவான், கட்டையில போவான், கோதாரியில போக. கோதாரி என்பது கொள்ளைநோயின் பழைய பெயர். குறுக்கால போவது என்றால் ஆயுள் முடியுமுன் இடைவழியில் போய்ச் சேர்வது. சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் எந்தத் தூசணத்தையும் விடப் பயங்கரமானவை. ஆனால் பேரன் சட்டையில் சேறு பூசிக்கொண்டு வந்தால், சிரித்துக்கொண்டே "குறுக்கால போவான், இஞ்ச பார் இவன்ர கோலத்தை" என்று சொல்லும் ஆச்சிமாரை இன்னும் காணலாம்.

இந்த மூன்றுக்கும் வீட்டில் மூன்று கட்டுப்பாடு. தூசணத்துக்கு ஆள் பார்க்க வேண்டும்: துறைமுக வாசலில் நண்பனோடு ஓடும் சொல், அப்பா பக்கத்தில் வந்தால் நாக்கில் நின்றுவிடும். ஏச்சுக்கு உறவு பார்க்க வேண்டும்: மாமா மருமகனை மாடு என்னலாம், மருமகன் மாமாவைச் சொல்ல முடியாது. சாபத்துக்கு நேரம் பார்க்க வேண்டும். அந்தி சீதேவி வரும் பொழுது. அப்போது வாயால் விழுவதெல்லாம் பலிக்கும் என்பார்கள். தலைவாரக் கூடாது, அழக் கூடாது, கடன் கொடுக்கக் கூடாது, ‘இல்லை’ என்றுகூடச் சொல்லக் கூடாது. உப்பு முடிந்துவிட்டால் ‘நிறைஞ்சு போச்சு’ என்ற வீடுகள் உண்டு.

இது சைவ வீடுகளின் கதை மட்டும் இல்லை. கிண்ணியாவில் மஃரிபு பாங்கு கேட்டதும் ரீவியின் சத்தம் தானாக இறங்கும். கத்தோலிக்க வீடுகளில் ஆறு மணிக்கு மூவேளைச் செபத்துக்கு மணி அடித்தால் பேச்சு நிற்கும். மொத்தத்தில் திருகோணமலை வாயைக் கட்டிக்கொள்ளும் நேரம் ஒன்று இருக்கிறது. முன்மாலை நாடகங்கள் வந்து விழுவது சரியாக அந்த நேரத்தில்.

கடிகாரத்தை வைத்து வாயைக் கட்டும் வேலையைச் சட்டமாகவே செய்த நாடு பிரித்தானியா. அங்கே இரவு 9 மணி ஒரு கோடு. 1964 முதல் இருக்கும் ஏற்பாடு அது. அதற்கு முன் வரும் நிகழ்ச்சிகளைச் சிறுவர்களும் பார்ப்பார்கள் என்று வைத்துக்கொண்டு, கடும் தூசணம் அறவே கூடாது என்பது விதி. லேசானவைகூட அடிக்கடி வரக் கூடாது. காலை 5.30 வரை கோட்டுக்கு அந்தப் பக்கம். இப்போது இதைக் கவனிப்பது ஒஃப்கொம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு.

சிக்கல் என்னவென்றால், அந்நாட்டின் பெரிய தொடர்நாடகங்கள் எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம் வருபவை. 1960 டிசம்பரில் தொடங்கிய கொரோனேஷன் ஸ்ட்ரீட் வடக்கு இங்கிலாந்துத் தொழிலாளர் தெரு ஒன்றின் கதை. 1985 பெப்ரவரியில் பிபிசி தொடங்கிய ஈஸ்ட்எண்டர்ஸ் கிழக்கு லண்டன் மதுக்கடை ஒன்றைச் சுற்றி நடப்பது. உண்மையான கிழக்கு லண்டன் மதுக்கடையில் ஒரு நிமிடம் நின்றால் காதில் விழக்கூடியது எதுவும் அந்தக் கடையில் நாற்பது வருடமாக யார் வாயிலும் வரவில்லை. குடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், கொலையும் செய்கிறார்கள், தூசணம் மட்டும் கிடையாது. இதை மீறிப் பார்த்தது புரூக்சைட். 1982 நவம்பரில் சனல் 4 தொடங்கிய அன்றே தொடங்கிய லிவர்பூல் நாடகம். இளைஞர்கள் இளைஞர்களைப் போலவே பேசட்டும் என்று விட்டார்கள். முறைப்பாடுகள் குவிந்தன, கொஞ்ச நாளில் நாக்கை அடக்கிக்கொண்டார்கள்.

ஆக, பிரித்தானிய எழுத்தாளர்கள் மிதமான வசவுகளை வைத்து ஒரு தனி மொழியே செய்துகொண்டார்கள். ஒஃப்கொம் அவ்வப்போது மக்களிடம் கேட்டு எந்தச் சொல் எவ்வளவு சுடுகிறது என்று தரம் பிரிக்கிறது. 2016 இல் வந்த தரப்பட்டியலில் ‘பிளடி’ மிதமான சொல். பெண்ணைப் பார்த்து ‘பசு’ என்பதும் அதே மிதமான வரிசையில் இருக்கிறது. நமக்குப் பசு என்றால் சாது, வாயில்லா ஜீவன்; அவர்களுக்கு அது வசவு. ‘பிளடி’யைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிரித்தானியக் கடற்படை 1957 இல் இங்கிருந்து போனாலும் டொக்யார்ட்டில் வேலை செய்தவர்களின் வாயில் அந்தச் சொல் நெடுநாள் தங்கியிருந்தது. தூசணத்துக்குப் பேரனின் வாயில் மிளகாய் தேய்க்கத் தயாராக இருந்த தாத்தாமார், ‘பிளடி ஃபூல்’ என்பதைச் சாப்பாட்டு மேசையிலேயே சொல்வார்கள். வேற்றுமொழித் தூசணம் நாக்கைச் சுடுவதில்லை. சென்னை நாடகங்களும் இதைக் கண்டுபிடித்துவிட்டன. பணக்கார வில்லன் ‘ஷிட்’, ‘இடியட்’, ‘ராஸ்கல்’ என்று தாராளமாகப் பேசலாம், சத்தம் அறாது.

இந்த வகை நாடகத்துக்கு ஆங்கிலத்தில் சோப்பு நாடகம் என்ற பெயர் வந்த காரணம் பலருக்குத் தெரிந்திருக்கும். 1930களில் அமெரிக்க வானொலியின் பகல்நேரத் தொடர்களுக்கு புரொக்டர் அண்ட் கேம்பிள் போன்ற சோப்புக் கம்பனிகள் பணம் போட்டன. வீட்டைத் துப்புரவாக்கும் சாமானை இல்லத்தரசிக்கு விற்க வந்த நாடகம் வாயை அழுக்காக வைத்திருக்க முடியாது. சட்டமும் சபையும் வருமுன்பே விளம்பரதாரர் ஒரு தணிக்கையாளர். சோப்பு, மசாலா, நகைக்கடை, பட்டுச்சேலை என்று விளம்பரம் வாங்கும் சென்னை நாடகங்களுக்கும் இது பொருந்தும். அவற்றில் உண்மையான தூசணம் ஏன் வருவதில்லை என்பதற்கு இதுவே பாதி விடை.

மீதிப் பாதி இந்தியச் சட்டத்தில் இருக்கிறது. அங்கே சினிமாவுக்குத்தான் முன்கூட்டிய தணிக்கை. ‘ஏ’ சான்றிதழ் படத்தை வெட்டி, மறுபடி ‘யு’ அல்லது ‘யுஏ’ வாங்காமல் தொலைக்காட்சியில் போட முடியாது. நாடகத்துக்கு அப்படி ஒரு வாரியம் கிடையாது. ஒளிபரப்பான பிறகுதான் கேள்வி. 1994 ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் நிகழ்ச்சிக்கோவை என்ற பகுதி இருக்கிறது. நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும் மாறானது கூடாது, சிறுவர் நிகழ்ச்சிகளில் கெட்ட மொழி கூடாது, சிறுவருக்கு ஆகாததைச் சிறுவர்கள் அதிகம் பார்க்கும் நேரத்தில் போடக் கூடாது என்று அது சொல்கிறது. எந்தச் சொல் என்ற பட்டியல் எதுவும் இல்லை. 2011 முதல் சனல்களே சேர்ந்து வைத்த முறைப்பாட்டு மன்றம் ஒன்று இயங்குகிறது. அவர்களின் கணக்கில் வளர்ந்தவர்களுக்கான நிகழ்ச்சிக்கு உரிய நேரம் இரவு 11 முதல் காலை 5 வரை. அதே நிகழ்ச்சிக்கோவையில், பெண்களை நேர்மறையாக, தலைமைப் பாத்திரத்தில், நிதானமும் ஒழுக்கமும் உள்ளவர்களாகக் காட்டும் நிகழ்ச்சிகளைத் தர முயல வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. முன்மாலை நாடகம் ஒன்றை ஒரு வாரம் பார்த்துவிட்டு அந்த விதியை வாசித்தால் சிரிப்பு வரும். வில்லி தலைமைப் பாத்திரத்தில் இருக்கிறாள் என்பது வரை சரி.

பட்டியல் இல்லாததால் வேலை எழுத்தாளரிடமும் எடிட்டரிடமும் வந்து சேர்கிறது. பெரும்பாலானவை வசனப் பிரதியிலேயே அடங்கிவிடும். தப்பி வந்ததை எடிட்டர் அடக்குவார். பீப் ஒலியை விட மௌனம்தான் நாடகத்தில் அதிகம், குடும்பப் பாட்டுக்கு நடுவில் பீப் அசிங்கமாக இருக்கும் என்பதால் போலும். ஆனால் தமிழில் மௌனம் சரியாக வேலை செய்வதில்லை. நம்முடைய சொற்கள் வாலை நீட்டிக்கொண்டு நிற்பவை. நடுச்சொல்லை எடுத்தாலும் முன்னால் ஒரு ‘டேய்’, பின்னால் ஒரு ‘மவனே’ மிஞ்சி நிற்கும். கேட்பவர் தானே நிரப்பிக்கொள்வார். இன்னொரு வேடிக்கையும் உண்டு. "உன் ... உடைச்சிடுவேன்" என்பதில் அடக்கப்பட்டது மூஞ்சியா வேறு ஏதாவதா என்று யாருக்கும் தெரியாது. ஒரு சாதிப் பெயரையோ ஊர்ப் பெயரையோ பாதுகாப்புக்காக அடக்கியிருந்தாலும், கூடத்தில் இருக்கும் பெடியள் அதைத் தூசணமாகவே நிரப்பிச் சிரிப்பார்கள். இல்லாத அழுக்கை மௌனம் உண்டாக்கிவிடுகிறது.

தொல்காப்பியர் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். சொல்லதிகாரத்து எச்சவியலில், "அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்" என்கிறார். அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல். கால் கழுவி வந்தேன் என்கிறோமே, அதுதான். பிற்காலத்தில் நன்னூல் இதற்கு இடக்கரடக்கல் என்று பெயர் வைத்தது. பள்ளிக்கூடத்தில் இவ்வளவு படித்திருப்போம். அதற்கு அடுத்த சூத்திரத்தை ஆசிரியர்கள் வேகமாகத் தாண்டிவிடுவார்கள்: "மறைக்கும் காலை மரீஇயது ஒராஅல்." மறைக்கும்போது, வழக்கில் மருவிப் பழகிப்போனதை விட்டுவிடு, அதை மறைக்க வேண்டியதில்லை. யானையின் சாணத்தைக் குறிக்கும் இலண்டம், மாட்டுச் சாணத்தைக் குறிக்கும் ஆப்பி போன்றவற்றை உரையாசிரியர்கள் உதாரணம் காட்டுவார்கள். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன சொல் அவைக்குள் நுழைந்துவிடலாம்.

என் பார்வையில் நாடகத் தணிக்கை முழுவதும் இந்த இரண்டாவது சூத்திரத்தில்தான் ஓடுகிறது. பழகிப்போனது மறைக்கப்படுவதில்லை. மாலை ஆறரைக்கும் ஏழுக்கும் ஒரு விநாடிகூட அறாமல் வரும் சொற்களைக் கவனியுங்கள். மலடி. வாழாவெட்டி. ஓடுகாலி. தாலியறுத்தவள். ராசி கெட்டவள். அப்பன் பேர் தெரியாதவன். அநாதை நாய். ஒன்றுகூடத் தூசணம் இல்லை. எல்லாமே ஒரு மனுசனின், அதிலும் ஒரு மனுசியின், வாழ்க்கையில் நடந்துபோன ஒரு காரியத்தை எடுத்து அதையே பட்டமாகச் சூட்டும் சொற்கள்.

தூசணம் அந்த வேலையைச் செய்வதில்லை. சந்தையில் ஒருவன் உங்கள் தாயை இழுத்து ஏசினால், அது உங்கள் தாயைப் பற்றிய செய்தி அல்ல என்பது அவனுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ‘மலடி’ அப்படியில்லை. அது குறி பார்த்து எறிவது. தூசணத்தை அடைத்த கதவுதான் இதைத் திறந்துவிட்டது என்றும் எனக்குப் படுகிறது. சண்டைக் காட்சி எழுத வேண்டும், தினமும் எழுத வேண்டும், தெருவில் மனிதர்கள் சண்டைக்கு எடுக்கும் சொற்கள் கையில் கிடையாது. சூடு வேறெங்கிருந்து வரும்? பிரித்தானிய எழுத்தாளர் ‘பசு’வை எடுத்தார். நம் எழுத்தாளர் விதவையை எடுத்தார்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா இருந்தார். 1990 இல் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போன கணவர் திரும்பவில்லை. பொட்டு வைப்பதா விடுவதா என்பதை அவர் ஒவ்வொரு கல்யாண வீட்டுக்கும் தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இறந்தார் என்று எழுதாமல், காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சான்று கொடுக்கும் ஏற்பாடு இலங்கைச் சட்டத்தில் 2016 இல்தான் வந்தது என்றால் பாருங்கள். மாலையில் எங்கள் வீட்டுக்கு நாடகம் பார்க்க வருவார். மணவறைக்குப் பக்கத்தில் நிற்கும் விதவையைத் தள்ளிவிட்டு "தாலியறுத்தவளுக்கு இங்க என்ன வேலை?" என்று ஒருத்தி கேட்கும் காட்சி எத்தனை நாடகங்களில் வந்திருக்கும்! அப்படி வரும்போதெல்லாம் அவர் எழும்புவார். "நான் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன்." எங்கள் வீட்டில், எங்கள் குசினியில். விளம்பரம் முடிந்து அடுத்த காட்சி தொடங்கும்போது கோப்பைகளோடு திரும்புவார். யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம்.

அது வில்லியின் வாயில் வருகிற சொல்தானே, நல்லவள் அழும்போது பார்ப்பவர் நல்லவள் பக்கம்தானே நிற்கிறார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திரைப்படமாக இருந்தால் ஒப்புக்கொள்வேன். இரண்டரை மணியில் கணக்கு முடியும். நாடகத்தில் வில்லிக்கு அடி கிடைக்க எண்ணூறு எபிசோட் போகும். அதுவரை வாரம் ஐந்தாறு நாள் அவள்தான் பேசுகிறாள். நல்லவள் அழுகிறாள்.

சொல்லே இல்லாமல் ஏசும் கலையும் ஒன்று இருக்கிறது, அதை எந்த எடிட்டராலும் அடக்க முடியாது. 2022 இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய எதிர்நீச்சல் நாடகத்தில் ஜி. மாரிமுத்து ஆதி குணசேகரனாக நடித்தார். வீட்டுப் பெண்களைப் பார்த்து அவர் "இந்தாம்மா, ஏய்!" என்பது கடலுக்கு இந்தப் பக்கமும் பரவி, திருகோணமலைப் பெடியள் தமக்கைமாரைக் கூப்பிடும் வசனமாகிவிட்டது. ‘இந்தாம்மா’ மரியாதை, ‘ஏய்’ அவமரியாதை. இரண்டையும் ஒரு மூச்சில் ஒட்டினால் எந்தத் தூசணத்தாலும் செய்ய முடியாத அலட்சியம் பிறக்கிறது. 2023 செப்டெம்பரில் அவர் இறந்தபோது, அந்தப் பாத்திரத்தைக் கரித்துக்கொட்டிய பெண்களே கண்கலங்கினார்கள். நடிப்பு அவ்வளவு.

அழைக்கும் முறையில் கடல் இன்னும் அகலம். சென்னை நாடகத்தில் கணவன் மனைவியை வாடி, போடி என்பதும் அவள் ‘என்னங்க’ என்பதும் சாதாரணம். எங்கள் பக்கத்தில் ‘டி’ இன்னும் கொஞ்சம் காரம். நீக்கும் நீங்களுக்கும் நடுவில் எங்களிடம் ‘நீர்’ என்று ஒன்று இருக்கிறது. அதில் கோபத்தையும் மரியாதையையும் சேர்த்து வைக்கலாம், சென்னை நாடகத்தில் அதற்கு இடமே இல்லை. மறுபக்கம், அங்கே அடக்கப்படும் ‘மயிர்’ இங்கே தலையில் சாதாரணமாக வளர்கிறது. "தலைமயிர் வெட்டிப்போட்டு வாறன்" என்று பெரியவர்கள் முன்னாலேயே சொல்வோம். தனியே உதறிச் சொன்னால்தான் இங்கும் ஏச்சு. இந்தியாவுக்குப் போன எங்கள் ஆட்கள் சலூனில் அந்தச் சொல்லைச் சொல்லி முழித்த கதைகள் நிறைய.

இலங்கையின் விதிகள் எங்கே என்று கேட்டால், அந்தப் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தொலைக்காட்சி நிலையங்களில் ஐடிஎன் 1979 இலும் ரூபவாகினி 1982 இலும் தொடங்கின. தனியார் சனல்கள் ரூபவாகினிச் சட்டத்தின் கீழ் உரிமம் பெறுகின்றன. திரைப்படத்தையும் மேடை நாடகப் பிரதியையும் பார்த்து அனுமதி கொடுக்க 1912 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் சபை ஒன்று இருக்கிறது. ஒலி, ஒளிபரப்பு எல்லாவற்றையும் மேற்பார்க்க அதிகாரசபை ஒன்றை அமைக்கும் சட்டமூலம் 1997 இல் வந்தது. அதன் சுயாதீனம் போதாது, அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பின் ஒஃப்கொம் போன்ற ஒன்று இங்கே வரவில்லை. எங்கள் சனல்கள் மிகக் கவனமாக மறைப்பது வேறொன்றை. சிகரெட்டும் சாராயப் போத்தலும் திரையில் வந்தால் அந்த இடம் மங்கலாகிவிடும். புகையிலை, மதுசார விளம்பரத்தைத் தடுக்கும் 2006 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வேரூன்றிய பழக்கம் அது. ஒருவன் கையில் மங்கல் கட்டத்தைப் பிடித்துக்கொண்டு மனைவியை மலடி என்று ஏசுவதை நான் பார்த்திருக்கிறேன். கை மறைந்திருந்தது, வாய் தெளிவாகக் கேட்டது.

நேரக் கோடு போடுவதிலும் எங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. 1996 இல் இலங்கை கடிகாரத்தை முன்னே தள்ளியது. மே மாதம் ஒரு மணித்தியாலம் முன்னால், ஒக்டோபரில் அதில் அரை மணி பின்னால் வந்து, 2006 ஏப்ரல் வரை இந்தியாவை விட அரை மணி முன்னே நின்றது. சென்னையின் 6.30 நாடகம் திருகோணமலை நகரத்தில் 7 மணிக்கு. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் சம்பூரில் அது 6.30 தான். ஒரே குடா, ஒரே நாடகம், இரண்டு மணி. 2002 பெப்ரவரிப் போர்நிறுத்தத்துக்குப் பின், மெட்டி ஒலி நாடகம் ஓடிய காலத்தில், குடாவைக் கடந்து போய்வருகிறவர்கள் வள்ளத்துக்கும் நாடகத்துக்கும் சேர்த்து ‘புது நேரமோ பழைய நேரமோ’ என்று கேட்டுக்கொள்வார்கள். 9 மணிக் கோட்டை இங்கே எந்த மணிக்கூட்டில் போட்டிருப்பார்கள் தெரியவில்லை. அம்மம்மாவின் கோடு மட்டும் மாறவில்லை. சூரியன் விழுந்தால் விளக்கு.

எங்கள் மாகாணம் வசவே தெரியாத சாதுப் பூமி என்று நினைத்துவிட வேண்டாம். மட்டக்களப்புப் பக்கத்துக் கண்ணகி வழிபாட்டில் கொம்புமுறி என்று ஒரு விளையாட்டு உண்டு. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகி, வளைந்த கொம்புகளைக் கொளுவி இழுக்கும். அப்போது ஒரு சேரியார் மற்றச் சேரியாரை வசைபாடுவார்கள், தாராளமாக, அம்மன் பெயரால். மழைக்கும் நோய் தீரவும் நடத்தும் சடங்கு அது. நாள் குறித்து, இடம் குறித்து, ஆள் குறித்து வாயைத் திறந்துவிடுகிறார்கள். சடங்கு முடிந்தால் மச்சான் மச்சான்தான். தூசணத்துக்கு ஊர் கொடுத்த அனுமதிச்சீட்டு. மறுநாள் காலையில் அதே பாட்டைக் கிணற்றடியில் பாடினால் செவிட்டில் அறை விழும்.

இப்போது கதை வேறு பக்கம் போய்விட்டது. இணையத்தில் வரும் தொடர்களுக்கு இந்தியா 2021 பெப்ரவரியில் தனி விதி கொண்டுவந்தது. 7 வயது, 13 வயது, 16 வயது என்று வயது குறித்துப் போட வேண்டும். நேரக் கோடு கிடையாது. சென்னைத் தமிழின் முழுத் தூசணமும் வெட்டு இல்லாமல் அங்கே வருகிறது. ஒருவகையில் அது நேர்மையாகக்கூட இருக்கிறது. ரவுடி ரவுடியைப் போலப் பேசுகிறான், பேசிவிட்டுப் போகிறான், மலடி என்று சொல்ல அவனுக்கு நேரமில்லை. மாலை நாடகத்தையும் இப்போது பலர் ரீவியில் பார்ப்பதில்லை. 2022 இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட நாட்களில் ஃபோனில் பார்க்கப் பழகியவர்கள், மின்சாரம் வந்த பிறகும் ஃபோனை விடவில்லை.

அன்புவழிபுரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். பொழுது பட்டுக்கொண்டிருந்தது. தங்கச்சி அம்மம்மாவின் அதே குத்துவிளக்கில் திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மகள் கதிரையில் காலை மடித்து வைத்து, காதில் இயர்போனோடு ஃபோனில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஒருத்தி கையை உயர்த்தி வாயை அகலத் திறந்து ஏதோ சொல்கிறாள், இன்னொருத்தி சுவரோடு சாய்ந்து அழுகிறாள். வீட்டில் சத்தமே இல்லை.

"என்ன சொல்லுறாள்?" என்று கேட்டேன். மருமகள் ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றினாள்.

"என்ன மாமா?"

"ஒண்டுமில்ல. எண்ணெய்ப் போத்தலை எடுத்து அம்மாட்டக் குடு."